ரெண்டு டன் எங்க போகும்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விசையும் இயக்கமும் நடத்துவதென்றால் டீச்சருக்குக் கொண்டாட்டம். மேசை மேல் ஒரு டம்ளர், அதன் மேல் ஓர் அட்டை, அட்டையின் மேல் ஒரு நாணயம். அட்டையைச் சட்டென்று சுண்டிவிடுவாள். அட்டை பறக்கும், நாணயம் டம்ளருக்குள் விழும். "நான் அட்டையத்தான் சுண்டினேன். காச யாருமே தொடலையே, அது எதுக்குப் போகணும்?" என்று கேட்பாள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுகூட எழுந்து நின்று பதில் சொல்லும். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அவள் பேசினால் தலைமையாசிரியர்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். சாயங்காலம் வீட்டுப் படியேறினால் அதே பேச்சுக்குக் கால்மிதிக்கு உள்ள மதிப்புகூடக் கிடையாது.

வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். புருஷன் வைத்தது. "டீச்சர், சாப்பாட்டுல உப்பு இல்லையே, இதுக்கு எத்தனாவது விதி?" என்பான். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். யாராவது விருந்தாளி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அன்றைக்கு அவனுக்கு வாய் நிறைய வேலை.

அவனுக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. பட்டறைகளுக்கு இயந்திரம் ஏற்றி இறக்குவது தொழில். நன்றாக ஓட்டுவான், நேரத்துக்குப் போய்ச் சேருவான், அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தான். லேசான சாமானைத்தான் கட்ட வேண்டும், கனமானதைக் கட்டத் தேவையில்லை. "மெத்தை, நாற்காலின்னா கட்டு. ரெண்டு டன் மெஷினுக்கு எதுக்குய்யா கயிறு? அதோட கனமே அதுக்குக் கயிறு!" என்பான். லாரி நிற்கும் இடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இதுதான் வேதம். கடப்பாரை போட்டு நாலு பேர் மூச்சுப் பிடித்து நெம்பினாலும் அங்குலம் நகராத பொருள் தானாக எங்கே போய்விடப் போகிறது?

கல்யாணமான புதிதில் டீச்சர் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரு தகரத் தட்டில் ஒரு செங்கல்லையும் ஒரு தீப்பெட்டியையும் வைத்து, தட்டைத் தரையில் வேகமாக இழுத்துச் சட்டென்று நிறுத்திக் காட்டினாள். இரண்டும் சேர்ந்தே முன்னால் சறுக்கின. "பாத்தீங்களா? கனம் கூடினா பிடிமானமும் கூடும், சரி. ஆனா அத நிறுத்துறதுக்கு வேண்டிய பலமும் அதே அளவு கூடுமே! ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சுல்ல?" என்றாள். அவன் தட்டை வாங்கினான். இன்னும் வேகமாக இழுத்து நிறுத்தினான், வேண்டுமென்றே அவள் பக்கமாக. செங்கல் பாய்ந்து அவள் கால் விரலில் மோதி நகம் பெயர்ந்தது. வீடே சிரித்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும், "டீச்சர், அந்தச் செங்கல் வித்தையக் காட்டு" என்று ஆரம்பித்துவிடுவான். அவள் காட்ட மாட்டாள். அதற்கும் ஒரு சிரிப்பு. கடைசியில் வீட்டுக்குள் பாடத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று முடிவுக்கு வந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி. படிப்பு ஏறவில்லை, வேலை எதுவும் ஒட்டவில்லை. புருஷன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, லாரியில் சுமை ஏற்றும் ஆளாகச் சேர்த்துவிட்டதே அவள்தான். பையன் நல்ல உழைப்பாளி. மாமா சிரித்தால் சிரிப்பான், மாமா முறைத்தால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் தின்ற சோறு மாமா போட்ட சோறு, அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பண்ண?

அன்று காலையில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது லாரி தயாராக நின்றது. பின்னால் இரும்பு கடையும் கடைசல் மெஷின் ஒன்று. அடிப்பாகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. லாரியின் தளமும் இரும்புத் தகடு. ஒரு முழக் கயிறு கிடையாது. முன்பக்க இருக்கையில் மெஷினுக்குச் சொந்தக்காரரான பட்டறைக்காரர் ஏறி உட்கார்ந்துவிட்டதால், தம்பி பின்னால் ஏறி, ஓட்டுநர் அறையின் முதுகுப் பலகையில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மெஷினுக்கும் பலகைக்கும் நடுவில்.

அவள் ஓட்டுநர் ஜன்னலருகே போனாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏங்க, கயிறு போட்டுக் கட்டுங்க. இல்லைன்னா அவன அங்கேருந்து இறக்குங்க."

"ஆரம்பிச்சாச்சுப்பா!" என்று அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அண்ணே, நம்ம வீட்டுல ஓசியிலேயே கிளாஸ் நடக்கும், கேட்டுக்குங்க."

பட்டறைக்காரர் சங்கடமாகச் சிரித்தார். டீச்சர் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "விளையாடாதீங்க. நீங்க பிரேக்க மிதிச்சா வண்டிதான் நிக்கும். மெஷின் நிக்காது. அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். நேரா அவன் மேலதான் வந்து ஏறும்."

"காலங்காத்தால என்ன பேச்சு இது!" என்று மாமியார் உள்ளிருந்து ஓடி வந்தாள். "கிளம்புற வண்டிய மறிச்சு நின்னு இப்படியா சொல்லுவாங்க!"

டீச்சர் பின்பக்கம் போனாள். "டேய், நீயாவது கேளுடா. இறங்கு. பஸ்ஸுல போய்க்க."

தம்பி மாமாவின் பக்கம் திரும்பிப் பார்த்தான். மாமா கண்ணாடியில் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, ரெண்டு டன்னுக்கா! ராத்திரி நாலு பேரு தள்ளியே அசையல. ரெண்டு டன் எங்க போகும்?" என்று சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். "மச்சான்னா மச்சான்தான்!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

நெடுஞ்சாலை வரைக்கும்கூடப் போகவில்லை. தெருக்கோடி தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறி வேகம் எடுத்த நேரம், சைக்கிளில் ஒரு பெண் குறுக்கே வந்தாள். புருஷன் மிதித்தான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, சைக்கிளுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி கச்சிதமாக நின்றது. அந்தப் பெண்ணுக்குச் சிராய்ப்புகூடக் கிடையாது. ஈரத் தரையில் சோப்பு போல மெஷின் மட்டும் முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், உங்க வீட்டு வண்டி..." என்று இழுத்தார். அவள் செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். போய்ப் பார்த்தபோது லாரியின் மேல் ஏழெட்டுப் பேர் ஏறி நின்று மெஷினை நெம்பிக்கொண்டிருந்தார்கள். பாவிகளுக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. தம்பி கத்தக் கத்த, கிரேன் வந்துதான் தூக்கியது. ஆஸ்பத்திரியில் அவனுடைய இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் பட்டறைக்காரர், புருஷன், மாமியார் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சுவரோடு சுவராக நின்றாள். யாராவது தன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்போதாவது புரிந்திருக்குமே என்று நினைத்தாள். மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கருநாக்கு! அவன் மேல வந்து ஏறும்னு சொன்னாளே, அப்படியே ஏறிடுச்சே! கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்கலையே!"

"நானும் எத்தனை மெஷின் ஏத்தியிருக்கேன். ஒரு தடவ நகர்ந்திருக்கா?" என்றான் புருஷன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, நிஜமாகவே அழுதிருந்தான். "இவ வாய் வச்ச அன்னிக்குத்தான நகர்ந்துச்சு!"

பட்டறைக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். "நானும் காதால கேட்டேன். எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு."

அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. தம்பி கண் விழிக்கட்டும், அவன் சொல்லுவான் என்று பொறுத்துக்கொண்டாள். கட்டச் சொன்னதும், இறங்கச் சொன்னதும், அவன் சிரித்ததும் அவனுக்குத் தெரியுமே.

அவன் கண் விழித்தான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"நீ ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"என்னடா சொன்னேன்?"

"உன் பாட்டுக்கு ஸ்கூலுக்குப் போயிருக்கலாம்ல. சொல்லாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

மாமாவுக்குப் பயந்து சொல்லியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அறையில் மாமா இல்லை. அவன் அதை நம்பித்தான் சொன்னான். டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செய்ததற்கு அழுகிறாள் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

விஷயம் பள்ளிக்கூடம் வரைக்கும் போனது. ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார், "டீச்சர், எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க, புது பைக் வாங்கியிருக்கேன்" என்று விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வகுப்பில் அட்டையைச் சுண்டப் போனபோது விரல் தவறி நாணயம் கீழே உருண்டது. எடுத்துக் கொடுத்த பிள்ளை அவள் முகத்தைப் பார்க்காமல் இடத்துக்குத் திரும்பியது.

வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. வண்டி கிளம்பும்போது டீச்சர் வாசலில் நிற்கக் கூடாது. கயிறு கட்டுவதைப் பற்றி எந்தச் சட்டமும் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? குற்றம் கயிற்றில் இல்லை என்றுதான் எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணியாயிற்றே.

தம்பியை முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் போட்டிருந்தார்கள். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவள்தான். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளோடு வேறு எதுவும் அதிகம் பேசவும் இல்லை.

ஒரு காலையில் அவனுக்குத் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தபோது வெளியே லாரி உறுமியது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இந்தத் தடவை துளை போடும் மெஷின், அதைவிடப் பெரியது. கயிறு இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் பலகையில் முதுகைச் சாய்த்து, மெஷினைப் பார்த்துக் காலை நீட்டி, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமானவன், கைக்குழந்தை வேறு.

சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு டீச்சர் கதவுக்குப் பாய்ந்தாள். நிலைப்படியில் ஒரு கால் வைத்தாயிற்று. "ஏங்க..." என்று குரலும் எழும்பிவிட்டது.

"அக்கா!" என்று பின்னாலிருந்து தம்பி கத்தினான். இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து, பதறிப்போய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாய மூடுக்கா. அந்தாளுக்காவது ரெண்டு கால் இருக்கட்டும்."

டீச்சர் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள்.