பன்னிரண்டாவது குறிப்பு

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆறு மாதம் ஒரு சீனியரைத் துணைக்குப் போடுவார்கள். யாருக்கு யார் என்று பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு. பட்டியல் போடுவதில் எனக்குச் சிறுவயதிலேயே பெயர் உண்டு. அதனால் ஒருத்தியின் வேலை போனதும் உண்டு.

அப்போது பருத்திப்பட்டில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவின் லீடர். ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். மீண்டும் பேசினால் பெயருக்கு நேரே பெருக்கல் குறி. என் பட்டியலில் பொய் இருக்காது. நெருங்கிய தோழிக்கே மூன்று குறி போட்டிருக்கிறேன்.

அந்த வருடம்தான் சித்தி எங்கள் பள்ளிக்கு அறிவியல் மிஸ்ஸாக வந்தாள். அம்மாவின் தங்கை. திருநெல்வேலிப் பக்கம் பி.எட். முடித்த கையோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அரையாண்டுவரை பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்று பள்ளியில் சொன்னார்கள். சரிப்படாவிட்டால் ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்று தாத்தா சொன்னார். இரண்டில் எது அவளுக்கு வேண்டும் என்பது எனக்கே தெரியும். தினமும் காலையில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று ஒளிச்சேர்க்கை நடத்திப் பார்ப்பாள்.

அவளுக்குக் கிடைத்தது, மற்ற மிஸ்கள் கைகழுவிய எங்கள் வகுப்பு. அதுவும் விளையாட்டு முடிந்து வருகிற கடைசிப் பீரியட். முதல் நாளே வாய்தவறி, "ஏலே, என்னல சத்தம்?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பு முழுவதும் "ஏலே, ஏலே" என்று கூவியது. அன்றிலிருந்து அவள் ஏலே மிஸ். எழுதுவதற்காகத் திரும்பினால் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும்: "இன்னா மிஸ், போர்டுக்கே பாடம் நட்த்திகினு கீறீங்க? அப்ப நாங்க ஊட்டுக்குப் போலாமா?"

ஒருநாள் நோட்டுகளை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சித்தி ஒரு சீனியர் மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு நாள் என் கிளாஸ்ல வந்து உக்காருங்க மேடம். எங்க தப்புப் பண்றேன்னு சொன்னாப் போதும்."

"எங்களுக்கெல்லாம் யாரும்மா வந்து உக்காந்தாங்க?" என்று அவர் டிபன் பாக்ஸை மூடினார். "போகப் போகப் பழகிடும், போ."

அந்த வாரமே தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு புது நோட்டைக் கொடுத்தார். "உங்க சித்தி புதுசு இல்லையா? நாமதானே ஹெல்ப் பண்ணணும். அவங்க கிளாஸ்ல என்ன நடக்குதோ அதை நம்பர் போட்டு எழுதிக் குடு. வீட்ல சொல்லாத, சங்கடப்படுவாங்க."

டாக்டரிடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் எழுதினேன். மணி அடித்து எத்தனை நிமிடம் கழித்து வகுப்பு அடங்கியது, எந்தப் பாடம் பாதியில் நின்றது, யார் மேஜைமேல் ஏறினார்கள், எந்த நாள் மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் உண்மை. பதினொரு குறிப்புகள் தேறின. கொடுப்பதற்கு முன் பன்னிரண்டாவதாக ஒன்றை நானாகவே சேர்த்தேன்: 'யாராவது வகுப்புக்கு வந்து மிஸ்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக நடத்துவார்.'

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று சித்தியைத் தலைமை ஆசிரியை அறைக்கு அழைத்தார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். கையில் அந்த நோட்டு இருந்தது.

வேலை இல்லை என்றாகிவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. புடவைகளைப் பெட்டியில் அடுக்கி முடித்த பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டி, நல்லாத்தான் கவனிச்சிருக்க. இந்த ஆறு மாசத்துல என் கிளாஸைக் கவனிச்சது நீ ஒருத்திதான்."

பாராட்டுகிறாள் என்று நினைத்து, "தேங்க்ஸ் சித்தி" என்றேன்.

மறுநாள் அப்பா அவளை ரயிலேற்றிவிட்டு வரும்வரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு குறிப்புகளின் கீழும் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவதன்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் பள்ளியில் சிவப்பு மை பட்டால் தப்பு என்று அர்த்தம். நான் எழுதியதில் அது ஒன்றுதான் சரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நோட்டைப் பத்திரமாக என் பைக்குள் வைத்தேன்.