போய்ச் சாப்பிடுங்க

கண் ஆஸ்பத்திரியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கேமராம்மாவோடு பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். நான் நர்ஸ். கை நரம்பில் மஞ்சள் சாயத்தை ஏற்றுவது என் வேலை. பத்துப் பன்னிரண்டு வினாடியில் அது கண்ணுக்குப் போய்விடும். நீல வெளிச்சம் பட்டதும் ரத்தக் குழாயெல்லாம் ஒளிரும். கசிவு இருந்தால் அந்த இடத்தில் திட்டாகப் படரும். அதைப் படம் பிடிப்பது அவள் வேலை.

"பயப்படாதீங்க, தோல் மஞ்சளாகும், சிறுநீரும் மஞ்சளாப் போகும், நாளைக்குச் சரியாயிடும்." தினமும் இருபது பேருக்கு இதையே சொல்லி எங்கள் வாய் ஓய்ந்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு போயிற்று. நின்று நின்று எனக்குக் கால்.

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் மூச்சு விடக்கூடாது. அவளோ சரியான அழுத்தக்காரி, தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டாள். ஆனால் கசிவு இல்லையென்றால், "போய் நல்லாச் சாப்பிடுங்க" என்பாள். வெறும் வயிற்றோடு வந்தவர்களாயிற்றே. கசிவு இருந்தால், "டாக்டர் சொல்லுவாங்க." அவ்வளவுதான். இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இத வீட்ல ஒருநாள் நானே வாய்தவறி உளறிட்டேன். அக்கா இன்னும் அதைச் சொல்லியே கேலி பண்றா. நீயுமா?"

நேற்று அந்த அக்காவே எங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். தையற்காரி. சர்க்கரை வியாதியில் வலது கண் போன வருஷமே போய்விட்டது. மிச்சம் இடது கண்தான். அதிலும் இரண்டு வாரமாக ஊசிக்காது தெரியவில்லையாம்.

"ஊசி கோக்க முடியலன்னு வந்தா, எனக்கே ஊசியா?" என்று கையை நீட்டினாள்.

இரண்டு இடத்தில் குத்திய பிறகுதான் நரம்பு கிடைத்தது. சாயத்தை ஏற்றினேன். கேமராம்மா எண்ணத் தொடங்கினாள். பதின்மூன்றில் திரையில் குழாய்கள் தெரிந்தன. சரியாக நடுவில் ஒரு திட்டு, பார்க்கப் பார்க்கப் பெரிதானது. வலது கண்ணிலும் இப்படித்தான் ஆரம்பித்தது, எந்த வைத்தியத்துக்கும் நிற்கவில்லை என்று கேமராம்மா சொல்லியிருக்கிறாள். அவள் கை மட்டும் நிற்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

விளக்கைப் போட்டேன். மஞ்சளேறிய முகத்தோடு அக்கா கேட்டாள்.

"என்னடி, போய்ச் சாப்பிடட்டுமா?"

கேமராம்மா லென்ஸைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடப் பிறந்தவள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?

"டாக்டர் சொல்லுவாங்கக்கா."

அக்கா தங்கையின் வெள்ளைக் கோட்டைப் பிடித்திழுத்து, அதன் கைமடிப்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் விரலால் தடவினாள்.

"இங்க தையல் பிரிஞ்சிருக்கு பாரு. சாயங்காலம் கழட்டிக் குடு. ஊசிய மட்டும் நீ கோத்துக் குடுத்துடு. தெரியற வரைக்கும் நான் தெச்சுத் தர்றேன்."