நீலகண்டன் விட்ட லீவு

கோட்டுச்சேரி கடைத்தெருவில் பள்ளிப் பேருந்தை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கிழக்குப் பக்கம் ஒரு முறை மோந்து பார்க்கிறார் நீலகண்டன். "மதியத்துக்கு மேலதான். குடையெல்லாம் வேணாம், ஏறு ஏறு" என்கிறார். குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறிய பிள்ளைகள் பள்ளி வாசலில் இறங்கும்போதே நனைந்தால், "நான் சொன்னது கோட்டுச்சேரி மழைய. இது டவுன் மழை" என்பார். அவருடைய கணிப்பு இதுவரை தவறியதில்லை. மழைதான் அவ்வப்போது தவறிவிடுகிறது.

காரைக்காலில் ஒரு தனியார் பள்ளிக்கு இருபது வருடங்களுக்கு மேலாக ஓட்டுகிறார். டாக்டர் வீட்டு வாசலில் ஹாரனைத் தொடமாட்டார். பையன் ஷூ மாட்டி, பாதி இட்லியை வாயில் வைத்துக்கொண்டு வரும்வரை சிரித்த முகமாகக் காத்திருப்பார். மீனவர் தெருப் பிள்ளைகள் மட்டும் மெயின் ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். கேட்டால், "அந்தத் தெருவுல வண்டி திரும்பாதுங்க" என்பார். அதே தெருவில் தினமும் ஐஸ் லாரி திரும்புகிறது.

இத்தனை வருடங்களில் அவர் வண்டியில் ஒரு பிள்ளைக்கும் சிறு கீறல்கூட விழுந்ததில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அவர் சொல்வதில்லை. மனிதன் தன்னிடம் உண்மையாகவே இருக்கும் ஒன்றைப் பற்றிப் பெருமைப்படுவது அபூர்வம். நீலகண்டனின் பெருமை மழை லீவு. கலெக்டர் அறிவிக்கும் முன்பே, பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் அவர் அறிவித்துவிடுவார். சில முறை பலித்தது. யாரோ அவரைக் 'கலெக்டர்' என்று கூப்பிட்டார்கள். கேலி என்பது கூப்பிட்டவருக்குத் தெரியும்.

சென்ற டிசம்பரில் அவருக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. பள்ளி வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும் இன்சார்ஜ் கண்ணையன் மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார். ஷெட்டை ஒட்டிய சிறு அறை, மேஜை, தலைக்கு மேல் மின்விசிறி. முதுகுவலிக்காரரான நீலகண்டன் அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் நடையைக் குறைத்துக்கொள்வார். "சீனியாரிட்டின்னு பாத்தா நான்தான். அடுத்த வண்டி ஓட்டுற நம்ம அருள்ராஜ் நல்ல பயதான், ஆனா வானத்தப் பாக்கத் தெரியாது" என்று, கேட்காதவர்களிடமும் சொல்லிவந்தார்.

அப்போதுதான் அந்த மழை. விடிய விடியப் பெய்தது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் டிவியில் ஓடிய எழுத்துகளை நீலகண்டன் படித்தார்: மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை; நாகப்பட்டினத்துக்கும் விடுமுறை. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதற்கு லீவு விட வேறு ஆள் இருக்கிறார். இது இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நீலகண்டன் தர்க்கத்தின் பக்கம் போனார். "அந்தாண்டயும் லீவு, இந்தாண்டயும் லீவு. நடுவுல மட்டும் மழை குடை புடிச்சுக்கிட்டா நிக்கும்?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, 'இன்று லீவு. பஸ் வராது. நீலகண்டன்' என்று குழுவில் போட்டார். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டார்.

காரைக்காலுக்கு லீவு விடவில்லை. மற்ற பேருந்துகள் எல்லாம் வந்து சேர்ந்தன. தாளாளர் ஜெயப்ரியா போனில் அழைத்தார்.

"நீலகண்டன், உங்க ரூட்டுப் புள்ளைங்க ஒருத்தர்கூட வரலியே. எங்க இருக்கீங்க?"

"மேடம், ரெண்டு பக்கமும் லீவு விட்டிருக்காங்க..."

"நாம ரெண்டு பக்கமும் இல்லீங்க. நடுவுல இருக்கோம். பரீட்சைய ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிறேன். கூட்டிட்டு வாங்க."

எல்லோருக்கும் போன் போட்டுவிட்டு, தண்ணீர் தேங்கிய சாலையில் வீடு வீடாகப் போனார். டாக்டர் வீட்டிலும் அன்று ஹாரன் அடித்தார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பியேர், பேத்தி தெல்ஃபினைக் குடைக்குள் அணைத்தபடி வாசலுக்கு வந்தார். "மெஸ்யே நீலகண்டன், பாரிசுல மழை பேஞ்சாலும் எங்களுக்கு லீவு உண்டுங்களா? சொல்லிட்டா தூங்குவோம்" என்றார் நிதானமாக. மெயின் ரோட்டில் மகனோடு நனைந்து நின்ற மீன்காரி அல்லிக்கு அவ்வளவு நிதானம் இல்லை. "கடலுக்குப் போறவங்களே காரைக்கா சேதி கேட்டுட்டுதான் படக எறக்குறாங்க. நீ எந்த ஊரு சேதிய கேட்டண்ணே?"

நீலகண்டன் வைப்பரின் வேகத்தைக் கூட்டினார்.

பிள்ளைகள் தேர்வு எழுதி முடித்த நேரத்தில், மதியத்துக்கு மேல் காரைக்கால் பள்ளிகளுக்கும் விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. திரும்பும் வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "பாத்தீங்களா? நமக்குக் காலையிலயே தெரிஞ்சுது. கவர்மெண்டுக்கு மதியம்தான் தெரியுது." எல்லோரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

வார இறுதியில் நாற்காலி அருள்ராஜுக்குப் போனது. மழை வந்தால் ஸ்கூல் உண்டா என்று யார் கேட்டாலும், "தெரியலைங்க, கேட்டுட்டு சொல்றேன்" என்பதைத் தவிர அருள்ராஜ் ஒன்றும் சொன்னதில்லை. இந்தப் பதிலுக்கு ஒரு மின்விசிறி கிடைக்கும் என்று நீலகண்டன் நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ணையன்தான் ஷெட்டுக்கு வந்து சொன்னார். "மனசுல வச்சுக்காதீங்க. அந்த மெசேஜ மேடம் மறக்க மாட்டேங்குறாங்க."

"எந்த மெசேஜு?" என்றார் நீலகண்டன்.

கண்ணையன் போனதும் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, வாட்ஸப் குழுவைத் திறந்தார். மேலே மேலே தள்ளி அந்த வரியைக் கண்டுபிடித்து விரலால் அழுத்திப் பிடித்தார். எல்லோரிடமிருந்தும் நீக்கும் கெடு முடிந்திருந்தது. உங்களுக்கு மட்டும் நீக்கலாம் என்றது போன். நீலகண்டன் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, தனக்கு மட்டும் நீக்கிக்கொண்டார்.