அதே பெயரில் மூன்று ஹோட்டல்

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். சாரல் முகத்தில் பூத்தூவலாக விழுந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு பெண் வந்து நின்று என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீங்க பத்தி எழுதுற கோமதி மேடம்தான?"

ஆமாம் என்றேன். அவருக்கு வாசுதேவநல்லூராம். மகளும் மருமகனும் அவரைப் பாங்காக் கூட்டிப்போகிறார்களாம்.

"நீங்க போயிட்டு வந்தீயளாமே... அங்கன எந்த ஹோட்டல் நல்லாருக்கும் மேடம்? மருமகன் ஏதோ கார்டு வச்சிருக்காரு. ஒரே கம்பெனி ஹோட்டலா பாத்துத் தங்குனா எல்லாம் ஃப்ரீங்காரு. நெசமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த என் கணவர் முந்திக்கொண்டார். "எந்த ஹோட்டல்ல வேணாலும் தங்குங்கம்மா. ஆனா ஒரே ஹோட்டல்ல தங்குங்க."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

உங்களிடம் அந்தக் கதையை நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா?

என் மகன் பிரபு சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். மாதத்தில் பாதி நாள் வெளியூர், வெளிநாடு. அவனுக்கு ஒரு செயின் ஹோட்டல்மேல் அப்படி ஒரு பிடிப்பு. பெயர் வேண்டாம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஹோட்டலில்தான் தங்குவான். தங்கத் தங்கப் பாயிண்ட்ஸ். பாயிண்ட்ஸ் சேரச் சேர சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பதவி உயர்வு. அவனுக்கு கோல்டு கிடைத்தபோது வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் புரமோஷன் வந்தபோதுகூட போனில் சொன்னதோடு சரி!

இந்த வருட ஆரம்பத்தில் அவனுக்குப் பாங்காக்கில் நான்கு நாள் ஆபீஸ் வேலை வந்தது. "நீங்களும் வாங்கம்மா, உங்க ரூமையும் நானே பாத்துக்கிடுதேன்" என்றான். சரி என்று கிளம்பினோம். அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது... முதல் இரண்டு நாள் ஒரு ஹோட்டல். அடுத்த இரண்டு நாள் இன்னொரு ஹோட்டல். இரண்டும் அதே கம்பெனி. பெயரும் அதேதான் – வால் மட்டும் வேறு. ஒன்றில் ரோட்டின் பெயர், இன்னொன்றில் பூங்காவின் பெயர்.

"ஏலே, ரெண்டு தெரு தள்ளி அதே கம்பெனி ஹோட்டலுக்கு எதுக்குலே பெட்டி கட்டணும்?" என்று இவர் கேட்டார்.

பிரபு பொறுமையாக விளக்கினான். "அப்பா, இங்க லவுஞ்ச் நல்லாருக்கும். சாயங்காலம் டிபன், காபி, ஜூஸ் எல்லாம் ஃப்ரீ. அங்க லவுஞ்ச் சுமார்தான். ஆனா கோல்டு மெம்பருக்கு ஹாலோட சேந்த சூட் ரூம் குடுக்காங்க. அதுபோக, செக்-அவுட் பண்ணி மறுபடி செக்-இன் பண்ணா ரெண்டு ஸ்டேயா கணக்கு. சீக்கிரம் பிளாட்டினம் வந்துரும்."

இவர் முப்பது வருடத்துக்கு மேல் போலீசில் இருந்து, சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டையர் ஆனவர். எத்தனையோ வாக்குமூலம் கேட்டவர். இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இவனுக்குக் கிறுக்கு முத்திட்டு ஏட்டி" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. லவுஞ்சில் உட்கார்ந்து, கேட்காமலே வந்த தர்பூசணி ஜூஸைக் குடித்துக்கொண்டு, பக்கத்து டேபிளுக்கும் இதே உபசாரமா என்று ஓரக்கண்ணால் பார்க்கிற சுகம் இருக்கிறதே!

மூன்றாம் நாள் காலை பெட்டி கட்டினோம். பிரபு எங்களைப் புது ஹோட்டலில் இறக்கி, சாவி வாங்கிக் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்கு ஓடினான். உள்ளே நுழைந்ததும் எனக்குக் குழப்பம். அதே எலுமிச்சம்புல் வாசனை. அதே ஊதா ஆர்க்கிட் பூ. கை துடைக்க அதே ஐஸ் துண்டு. சாவி கார்டுகூட அதே நீல நிறம் – கம்பெனி பெயர் மட்டும்தான், கிளையின் பெயர் கிடையாது.

சூட் ரூம் பெரியதாகத்தான் இருந்தது. இரண்டு டிவி. எனக்கு முட்டு வலி. சோபாவில் சாய்ந்தேன்.

"வெள்ளிக்கிழமைல்லா? மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்துருதேன்" என்றார் இவர். பாங்காக்கில் நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது.

"நானும் வாரேன்."

"முட்டு வலிங்கியே, படு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

போனார்.

நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். முழித்தபோது பசித்தது. எங்கே இருக்கிறார் என்று கேட்கலாமென்று போன் அடித்தேன். கட்டிலுக்குப் பின்னாலிருந்து மணி கேட்டது. சார்ஜில் போட்டதை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்!

சரி, வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே பாலம், பாலத்துக்கு மேல் ரயில், அதற்கும் மேல் கட்டடம். மனிதர்கள் எறும்பு சைஸில் தெரிந்தார்கள். இதில் எந்த எறும்பு என் வீட்டுக்காரர்?

சாப்பாட்டு நேரம் தாண்டியது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது – இவர் சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார். பெட்டி கட்டுகிற அவசரத்தில் இரண்டு துண்டு ரொட்டிதான் தின்றார். போன வருடம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இப்படித்தான் வேர்த்துக் கொட்டி, கண் சொருகி, பெஞ்சில் சரிந்தார். அங்கே முகம் தெரிந்த பழக்கடைக்காரர் இருந்தார், ஓடி வந்து வாயில் சர்க்கரையைப் போட்டார். இங்கே யார் இருக்கிறார்கள்? விழுந்து கிடந்தால் பாஷை தெரியாத ஊரில் யார் என்ன செய்வார்கள்?

பிரபுவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன். பார்க்கவில்லை. மீட்டிங்கில் போனை அணைத்துவிடுவான்.

கீழே ரிசப்ஷனுக்கு ஓடினேன். முட்டு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அங்கிருந்த பெண் கைகூப்பி வணங்கி, "போட்டோ இருக்கிறதா மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

போனைத் திறந்து தேடினேன். என் படம் இருக்கிறது. பிரபு படம் இருக்கிறது. யானைச் சிலை, தர்பூசணி ஜூஸ், லவுஞ்ச் சோபா... எல்லாம் இருக்கிறது. இவர் மட்டும் இல்லை. எப்போதும் இவர்தானே படம் எடுக்கிறவர்! தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. போன சீசனில் பழைய குற்றாலத்தில் எடுத்தது. தலை நிறைய எண்ணெய் வழிய, இடுப்பில் காசித் துண்டோடு, அருவியைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கிறார்.

வேறு வழி? அதைத்தான் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

அவள் எங்கள் முதல் ஹோட்டலுக்குப் போன் செய்தாள். அங்கே வரவில்லை என்றார்கள். போலீஸ்காரர் பெண்டாட்டி நான். ஊரில் யார் வீட்டில் யாரைக் காணவில்லை என்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இங்கே எந்தக் கதவைத் தட்டுவது? என்ன பாஷையில் அழுவது?

அப்போது என் போன் அடித்தது. திரையில் 'வடகரை பெரியத்தான்' என்று வந்தது. இவருடைய அண்ணன். வடகரையில் வயலும் தென்னந்தோப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறவர். சாதாரணமாக எனக்குப் போன் செய்யவே மாட்டார். ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்த நேரத்தில் இதுவுமா?

"ஏம்மா கோமதி... நீ எங்கன இருக்க?"

"ஹோட்டல்ல இருக்கேன் அத்தான். என்னாச்சு?"

"தம்பியும் ஹோட்டல்லதான் இருக்கேங்கான். நீ அங்கன இல்லைங்கான். ரெண்டு பேருக்கும் சண்டையாம்மா?"

அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். இருக்கிறார். பேசியிருக்கிறார். உயிரோடு இருக்கிறார்!

"எந்த ஹோட்டல் அத்தான்? பேரு சொன்னாவளா?"

சொன்னார். அதே பெயர். நான் உட்கார்ந்திருக்கிற இதே ஹோட்டலின் பெயர்.

எழுந்து லாபி முழுக்கத் தேடினேன். தூணுக்குப் பின்னால், ரெஸ்டாரண்டுக்குள், ஆண்கள் டாய்லெட் வாசலில்கூட நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். இல்லை. கிடைத்தவரை மறுபடி தொலைத்த மாதிரி ஆகிவிட்டது. முதல் தடவையைவிட இந்த இரண்டாவது தடவைதான் அதிகமாகப் பயந்தேன்.

ரிசப்ஷன் பெண்தான் சட்டென்று பிடித்தாள். "மேடம், எங்கள் ஹோட்டலுக்கு இந்த ஊரில் இன்னும் சில கிளைகள் இருக்கின்றன." ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். ஆற்றங்கரைக் கிளையில் யாரோ ஏதோ சொல்ல, அவள் முகம் மலர்ந்தது. போனை என் கையில் கொடுத்தாள்.

"ஏட்டி, எங்கட்டி போயிட்ட?" என்றார் இவர். காணாமல் போனது நானாம்!

என்ன நடந்தது என்பதை அப்புறம் சொன்னார். கோயிலிலிருந்து டாக்ஸி பிடித்து, டிரைவரிடம் அந்த நீலச் சாவி கார்டைக் காட்டியிருக்கிறார். டிரைவர் கம்பெனிப் பெயரைப் படித்துவிட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஆற்றங்கரைக் கிளையில் இறக்கிவிட்டான். அதே எலுமிச்சம்புல் வாசனை, அதே ஆர்க்கிட். இவருக்கு என்ன சந்தேகம் வரும்? லிஃப்டில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. ரிசப்ஷனில் கேட்டால், "உங்கள் பெயரில் யாரும் தங்கவில்லை." மகன் பெயரைச் சொன்னார். "அப்படியும் யாரும் இல்லை."

"மேல ரூம்ல என் பெண்டாட்டி இருக்காங்கேன், அப்படி ஒரு ஆளே இல்லைங்கான். எனக்கு எப்படி இருக்கும்?" என்றார். பிறகு, "ஒரு நிமிஷம் நீயே இல்லையோன்னு நெனச்சிட்டேன் ஏட்டி" என்றார். இத்தனை வருடத்தில் இவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

யாருக்காவது போன் செய்யலாமே என்று கேட்டிருக்கிறார்கள். என் நம்பர் இவருக்குத் தெரியாது. பிரபு நம்பரும் தெரியாது. எல்லாம் போனுக்குள் அல்லவா இருக்கிறது! மனப்பாடமாக இருந்தது ஒரே நம்பர் – அண்ணன் நம்பர். செல்போன் வந்த புதிதில் அவர் வாங்கியது, இன்றுவரை மாற்றவில்லை. ஸ்டேஷன் போனிலிருந்து தினம் அடித்து அடித்து இவர் விரலுக்குப் பழகிவிட்டது.

ஆனால் பெரியத்தான் போனை எடுக்கவில்லை. வெளிநாட்டு நம்பர் வந்தால் எடுக்காதே, பாங்க் பணத்தை உருவிவிடுவார்கள் என்று அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொல்லி வைத்தது யார்? சாட்சாத் இவரேதான்!

அடிக்க அடிக்கக் கட் செய்தவர், கடைசியில் பொறுக்க மாட்டாமல் எடுத்துக் கத்தியிருக்கிறார். "எவம்லே அது? என் தம்பி போலீசு, தெரியுமாலே?"

"அண்ணே, அந்தப் போலீசுதான் பேசுதேன்!"

ஹோட்டல் காரிலேயே அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நெற்றியில் குங்குமம், சட்டைப் பையில் பிரசாதப் பூ. அங்கே ஜூஸும் கேக்கும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்களாம், மயக்கம் ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்ததும் அதட்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷர். அன்று ரெஸ்டாரண்டில் உட்காரும்வரை கையை விடவில்லை.

விஷயம் தெரிந்து பிரபு விழுந்தடித்துக்கொண்டு வந்தான். அப்பாவைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினான். அந்த நேரம் பார்த்து அவன் போனில் டிங் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தவன், தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அம்மா... நடந்ததுக்கு வருந்துதோம்னு போனஸ் பாயிண்ட்ஸ் போட்டிருக்காங்க."

இவர் பார்த்த பார்வையில் பிரபு போனை மூடிப் பைக்குள் வைத்தான்.

எந்த ஹோட்டலில் எது இலவசம், எந்தக் கார்டுக்கு எது சலுகை என்றெல்லாம் நாம் நுணுக்கி நுணுக்கி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். தப்பில்லை. லவுஞ்ச் நல்லதா, சூட் நல்லதா என்று நானும் இரண்டு நாள் ஆராய்ந்தவள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன்... இந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் மூடி வைத்துவிட்டு, போனைப் பார்க்காமல், உங்கள் வீட்டுக்காரர் நம்பரை, வீட்டுக்காரம்மா நம்பரைச் சொல்லுங்கள் பார்ப்போம். முடிகிறதா?

ஊருக்கு வந்ததிலிருந்து இவர் தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டே என் நம்பரைச் சத்தமாக ஒப்பிக்கிறார். இப்போதெல்லாம் பிசகுவதே இல்லை.

அவர் நம்பரில் நான்தான் இன்னும் கடைசி மூன்று எண்ணில் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.