ஜீவராணியின் தொண்டை

வினோஜன் நோர்வூட் டவுனில் கைபேசி பழுதுபார்க்கிறவன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான தன் வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் கம்பளி அடித்து, ஒரு மைக்கையும் பழைய கணினியையும் வைத்து, அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டான். தகரக் கூரையில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும்.

புதிதாக இசையமைத்த பாட்டுக்கு முரட்டுக் குரல் வேண்டியிருந்தது. தானே கத்திப் பார்த்தான், இருமல்தான் வந்தது. அப்போதுதான் அடுத்த வீட்டுக் காம்பிராவில் இருக்கும் ஜீவராணி நினைவுக்கு வந்தாள். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறிக்கும் மலையில் ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரகரத்துப்போன தொண்டை.

"அத்தை, ஒரு பாட்டுப் பாடித் தர்றீங்களா? ரெக்கார்ட் பண்ணுவோம்."

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசிக்கொண்டு வந்தாள். குவைத்துக்கு வேலைக்குப் போன மகளை நினைத்துத் தானே கட்டிய பாட்டைப் பாடினாள். "இன்னும் சத்தமா அத்தை, இன்னும்" என்றான் அவன். கடைசி அடியில் அவள் அழுதேவிட்டாள்.

அவள் போனதும் அந்தக் குரலைத் தன் இசையில் ஏற்றி, கணினியில் உடைத்து, ஒரு சொல்லும் விளங்காதபடி ஆக்கினான். பாட்டை இணையத்தில் போட்டான். பாடியவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினான்.

"ஒனக்குள்ள இப்படி ஒரு தொண்டையாடா!" என்று கூட்டாளி சுமன் முதுகில் தட்டினான். வினோஜன் சிரித்துவைத்தான்.

ஒரு வாரத்தில் ஆட்டோக்களிலெல்லாம் அந்தப் பாட்டுதான். ஜீவராணி அவனை வழியில் நிறுத்தினாள்.

"பேய் கத்துற மாதிரி ஒன்னு போடுறானுங்களே, ஒம் பாட்டாமே? எம் பாட்டு எப்பப்பா வரும்? மககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அவனுக்கு முகம் எரிந்தது. "வரும் அத்தை" என்று முனகிவிட்டு நடந்தான். இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் கீழ் ரோட்டைச் சுற்றிப் போனான். மூன்றாம் நாள் முடியவில்லை. அவள் வாசலில் போய் நின்றான்.

"அந்தப் பேய்க் கொரல் ஒங்களோடதுதான் அத்தை. நாந்தான் அப்படி ஆக்கிட்டேன். பேரையும் எம்பேருன்னு போட்டுட்டேன்."

அவள் ஏசுவாள் என்று நினைத்தான். தலைவாரிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"அப்ப நான் நல்லாப் பாடலையா?"

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவனால். ஹெட்போனைக் கொண்டுவந்து அவள் காதில் மாட்டி, கைவைக்காத முதல் பதிவைப் போட்டான். பாதியிலேயே கழற்றிக் கொடுத்தாள்.

"இத மகளுக்கு அனுப்பு. மத்தத என்னமோ பண்ணிக்க."

அன்றே அனுப்பினான். இணையத்திலும் பெயரை மாற்றினான். "யாருடா இந்த ஜீவராணி?" என்று சுமன் கேட்டபோது மறைக்காமல் சொன்னான். சுமன் சிரிக்கவில்லை, அது இன்னும் உறைத்தது.

ஜீவராணி இப்போதும் அவனோடு பேசுகிறாள். அந்தப் பின்னறைக்கு மட்டும் வருவதில்லை. கூப்பிட அவனுக்கும் வாய் எழவில்லை.