சீமாட்டி கேட்ட புகை

இங்கிலாந்தின் டெவனில், எங்கள் பக்கத்தில் தோமசின் வெல்லகாட்டைக் கொலைகாரி என்றுகூடச் சொல்வார்கள். சொல்லட்டும், நாக்குக்கு எலும்பா இருக்கிறது? என் புருஷன் சீமாட்டி கார்விதனின் எஸ்டேட்டில் வாசற்காவல்காரன். நடந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

தோமசினும் அவள் புருஷன் கிடியனும் இருந்த பழைய வீடு மாளிகை மாடத்திலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சீமாட்டி கார்விதன் இடித்துத் தள்ளினாள். அதற்குப் பதிலாக ஏரிக்கரையில் ஒரு பொம்மை வீடு கட்டிக் குடியேற்றினாள். வைக்கோல் கூரை, திறக்கவே முடியாத வண்ணக் கண்ணாடி ஜன்னல், முறுக்கு முறுக்காகச் செங்கல் புகைக்கூண்டு. விருந்தாளிகள் வந்தால் அந்தக் கூண்டிலிருந்து நூல்போலப் புகை எழவேண்டும் என்று உத்தரவு. நூலாகவே வரவேண்டுமே என்று கட்டியவன் கூண்டின் வாயைச் செங்கல் வைத்துக் குறுக்கிவிட்டான். மிச்சப் புகை எங்கே போகும்? வீட்டுக்குள்தான். படுபாவிகள்!

கிடியன் தோட்டவேலைக்காரன், ஏற்கெனவே நெஞ்சு பலவீனமானவன். தோமசின் மாளிகைக்குப் போய்க் கெஞ்சினாள்.

"அவருக்கு மூச்சு முட்டுதும்மா. கூண்டு வாயைக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க."

"அதுல கை வச்சா அழகே போயிடும். அவனை வெளியில உக்காரச் சொல்லு. மாடத்துக்குத் தெரியாத பக்கமா."

இரண்டாவது குளிர்காலத்தில் கிடியன் இருமி இருமிச் செத்தான். அவனைப் புதைத்த அன்றும் விருந்தாளிகள் வந்தார்கள். அன்றும் அடுப்பு மூட்டச் சொல்லி ஆள் வந்தது.

அதன்பிறகு தோமசின் அழவில்லை, கறுவிக்கொண்டே திரிந்தாள்.

"விடுடி, கடவுள் கேப்பாரு" என்றேன்.

"அவரு மெதுவா கேக்கட்டும். நான் முன்னாடி கேட்டுக்கறேன்."

வசந்தத்தில் சீமாட்டிக்கு ஓர் ஆசை வந்தது. ஏழைகளைப்போல அந்தக் குடிசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவேண்டுமாம். வைக்கோல் தொப்பியோடு மூன்று சிநேகிதிகளையும் கூட்டிவந்தாள். தோமசின் அடுப்பில் ஈர முட்செடியை அள்ளித் திணித்தாள்.

"பாலாடை எடுத்துட்டு வந்துடறேம்மா" என்று வெளியே வந்து, கதவு வளையத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருமல், அலறல், கதவில் இடி. நான் ஓடினேன்.

"ஐயோ, தெறடி! செத்துடப் போறாங்க!"

"கத்தறாங்கல்ல? அப்ப மூச்சு இருக்கு."

அவள் கையைப் பிடித்து நான்தான் இழுத்தேன். சீமாட்டி மூக்கும் கண்ணும் ஒழுகத் தவழ்ந்து வெளியே வந்தாள். தோமசின் குனிந்து கேட்டாள்: "எங்க வீடு எப்படிம்மா இருக்கு?"

வழக்குப் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று, அன்றே அவளை எஸ்டேட்டை விட்டுத் துரத்தினார்கள். சந்தை ஊரில் துணி துவைத்துப் பிழைத்தாள். கொஞ்ச நாள் கழித்து நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் போனேன்.

"கொத்தனை விட்டுக் கூண்டு வாயை உடைச்சுட்டாங்கடி. இப்ப புகையெல்லாம் மேல போயிடுது. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வேலையே முடிஞ்சுதாம்."

தொட்டிக்குள் அவள் கை நின்றது.

"ஒரு காலைப் பொழுது வேலையா?"

நான் தலையாட்டினேன். அவள் முகம் கோணியது.

"நீ எதுக்குடி என் கையை இழுத்த?"