கொசுத்தேனீக்கு ஒரு பெட்டி

நான் பஸ் கண்டக்டர். ஜவ்வாது மலைக்கும் திருப்பத்தூருக்கும் போய்வரும் வண்டி. ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் என் மகள் என்னைத் தூங்க விட்டதில்லை. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் ஓடிவிடுவாள்.

"அப்பா, செவுத்துக்கு மூக்கு மொளச்சிருக்கு. வந்து பாரு!"

எங்கள் வீட்டுப் பின்சுவர் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. முன்பக்கம் மட்டும் பூசிவிட்டு அதை அப்படியே விட்டிருந்தோம். அதில் ஒரு இடுக்கிலிருந்து, விரல் கணு நீளத்துக்கு, பழுப்பு நிறத்தில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் கறுப்பாக, கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சிகள்.

"கொசுத்தேனீ," என்றேன். "கொட்டாது."

"உள்ள எப்படி இருக்கும்?"

எனக்குத் தெரியாது. ஆடு மேய்த்த வயதில் மரப்பொந்துகளில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

துணி காயப்போட வந்த என் மனைவியும் பார்த்தாள். "மழைக்கு முன்ன இந்தச் செவுத்த பூசணும்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள். போன மழையில் உள்பக்கம் ஈரம் இறங்கி அரிசி மூட்டை நனைந்துபோயிருந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை.

"பூசிட்டா உள்ள இருக்குறதெல்லாம் இன்னா பண்ணும்?" என்று மகள் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்குப் போய், போனில் தேடிப் பார்த்தோம். ஒருவர் வீடியோ போட்டிருந்தார். ஓட்டையில் ஒரு ட்யூபைச் செருகி, மறுமுனையை மரப்பெட்டியில் விட்டு, பெட்டிக்கு முன்னால் ஒரு வாசல் வைத்துவிட வேண்டும். தேனீ பெட்டி வழியாகவே போய்வரும். போகப்போகப் பெட்டியிலேயே கூடு கட்டினாலும் கட்டும் என்றார்.

தக்காளிப் பெட்டிப் பலகைகள் வீட்டில் கிடந்தன. ரம்பம் ஒன்றை ஆலங்காயம் கடைத்தெருவில் வாங்கி வந்தேன். டிக்கெட் கிழித்துப் பழகிய கைக்கு அது வணங்கவில்லை. மகள் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து பென்சிலில் கோடு போட்டுக் கொடுத்தாள். நான் அறுத்தது எதுவும் அந்தக் கோட்டில் போகவில்லை. ஆணி அடித்து முடித்ததும் அவள் பெட்டிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள வெயிலடிக்குது."

சந்து இருந்த இடமெல்லாம் களிமண்ணும் சாணியும் குழைத்து அடைத்தாள். உடைந்த போட்டோ பிரேமிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, மூடிக்குக் கீழே வைக்கச் சொன்னாள். மூடியைத் தூக்கினால் உள்ளே பார்க்கலாம். வீடியோவில் அது இல்லை, அவளாக யோசித்தது.

ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஓய்வு நாளன்று காலையில் சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்துப் பெட்டியை உட்கார வைத்தேன். மெழுகு மூக்கை உடைத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ட்யூபைச் செருகிக் களிமண் பூசினேன். மேய்ச்சலுக்குப் போயிருந்த தேனீக்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்றும் பெட்டி வாசலுக்குப் போகவில்லை. பழைய இடத்திலேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் களிமண்மேல் கறுப்பாக அப்பிக்கொண்டன. வெயில் ஏற ஏற அந்தக் கறுப்பும் பெரிதாகிக்கொண்டே போனது.

மகள் அழுதுவிட்டாள். "வூட்டுக்குப் போவ வழி தெரியாம நிக்குதுப்பா. எடுத்துடு, வேணாம்."

எனக்கும் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ட்யூபில் கை வைத்தபோது அவளே என்னை நிறுத்தினாள்.

"இரு இரு. அந்த வீடியோக்காரரு மூக்க எடுத்துப் புது வாசல்ல ஒட்டுனாரே. நீ இன்னா பண்ண அத?"

கீழே போட்டிருந்தேன். மிதித்தும் இருந்தேன் போல. அவள் மண்டிபோட்டு ஈர மண்ணைக் கிளறி, நசுங்கிய மெழுகைக் கண்டுபிடித்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஊதி, பெட்டி வாசலைச் சுற்றி ஒட்டினாள். தலைமுடியில் தேனீ சிக்கிக்கொண்டு ரீங்காரம் போட்டது. அவள் தட்டிவிடக்கூட இல்லை.

ஒன்று வாசலில் உட்கார்ந்தது. மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பொழுது சாயும்போது களிமண்மேல் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம் இருந்தன.

அடுத்த வாரம் செவ்வெறும்பு வந்தது. வரிசையாக ஆங்கிள் மேல் ஏறிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவள் என் மனைவி. "அந்த இரும்புல கிரீஸ் தடவுங்களேன்," என்றாள். டிரைவரிடம் ஒரு டப்பாவில் வாங்கி வந்து தடவினேன். எறும்பு நின்றது. அதற்குப் பிறகு பாத்திரம் கழுவ வரும்போதெல்லாம் அவளும் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

மேஸ்திரி வந்த அன்று நான் டூட்டியில் இருந்தேன். நடந்ததை மனைவி சொன்னாள். "பொட்டிய எடுத்துட்டா ஒரே இழுப்புல பூசிடலாம்மா," என்றாராம். மகள் பள்ளிக்கூடம் போகாமல் பெட்டிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அவர் சிரித்துவிட்டு, ட்யூபைச் சுற்றிக் கொத்துக் கரண்டி முனையால் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மழைக்கு அரிசி நனையவில்லை.

பொங்கலுக்குப் பிறகு மூடியைத் தூக்கிப் பார்த்தோம். கண்ணாடிக்கு அடியில் ஒரு மூலையில் சுண்டைக்காய் அளவில் பழுப்பு உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. தேன் வைக்கும் குடுவைகள். குஞ்சு வளரும் கூடு எதுவும் இல்லை.

"அப்போ ராணி வரலயா?"

"வரல. அது செவுத்துக்குள்ளயே இருக்கும். இங்க பண்டம் மட்டும் வைக்குதுங்க."

அவளுக்கு முகம் வாடிப்போனது. பிறகு ஈர்க்குச்சியால் ஒரே ஒரு குடுவையைக் குத்தி நக்கிப் பார்த்து, என்னிடமும் நீட்டினாள். புளிப்பும் இனிப்புமாக இருந்தது.

"போதும், மூடுப்பா. அவங்க சாப்பாடு," என்றாள்.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு. தேனீக்கள் அந்தப் பெட்டி வழியாகத்தான் போய்வருகின்றன. இதுவரை கூடு கட்டவில்லை. போன மாதம் குழாயடியில் தவளைக்குக் குட்டை வெட்டலாம் என்று என்னைக் கூப்பிட்டாள். ஒரு முழம் தோண்டுவதற்குள் பாறை தட்டியது. நான் கடப்பாரையை வைத்துவிட்டேன். அவள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"நிக்குது," என்றாள். "அகலமா மட்டும் வெட்டுப்பா. ஆழம் வேணாம்."